வீட்டில் கேட்டுச் சொல்லும் பிம்பம்

சிறுதொழில் ஆலோசகர் மணிமாறனுக்குப் பதிலாக, ஊரெங்கும் திரைகளில் அவருடைய செயற்கை நுண்ணறிவுப் பிம்பம்தான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய பேச்சுப் பதிவுகளைக் கேட்டு வளர்ந்த பிம்பம். அதனிடம் ஒரே ஒரு குறை. "வீட்ல கேட்டுச் சொல்றேங்க" என்று வாடிக்கையாளரை நிறுத்திவிட்டு, மணிமாறனின் மனைவி பூங்கோதைக்குப் போன் போடும்.

"பிராண்டே கெட்டுடும் சார். அந்தப் பழக்கத்தை நீக்கிடட்டுமா?" என்றாள் விளம்பர நிறுவனத்து ஷர்மிளா.

"தாராளமா" என்றார் மணிமாறன்.

காபியோடு வந்த பூங்கோதை நின்றாள். "நீக்குங்க. பேர் வந்ததுலேருந்து நீங்க எங்கிட்ட எதையும் கேக்கறதில்ல. அதுவாச்சும் கேட்டுச்சு."

ஷர்மிளாவின் விரல் பொத்தானை நெருங்கியது.

"இரும்மா" என்ற மணிமாறன் மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பூங்கோதை. நீக்கலாமா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தொழிலுக்குப் போட்டி நல்லதுன்னு நீங்கதான சொல்வீங்க? அதுவும் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."