வேண்டாமென்று எழுதிக்கொடுத்த இடம்

“ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார் நேர்முகத் தேர்வு மேசையின் இடது ஓரத்தில் இருந்த டாக்டரம்மா.

இந்தக் கேள்விக்குக் கண்ணாடி முன்னால் நின்று பத்துத் தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். கடகடவென்று சொன்னேன்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு மாதம் வேலை. முதல் இரண்டு மாதம் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். பிறகு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது எவ்வளவு குண்டான கையாக இருந்தாலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாடப் புத்தகம்.

சொல்லாமல் விட்டது, ஆளாளுக்குக் கொடுத்த யோசனைகளை. ஒரு பெண் ஒரு வருஷம் வீட்டோடு இருக்கப்போகிறாள் என்று தெரிந்தால் போதும், சொந்தபந்தம் மொத்தமும் அவளுக்கு டைம்டேபிள் போட உட்கார்ந்துவிடும். சின்ன அத்தை கம்ப்யூட்டர் படி என்றாள். மாமா கார் ஓட்டக் கற்றுக்கொள் என்றார். அவருக்குத்தான் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. மாடி வீட்டு அக்கா ஒரே போடாகக் கல்யாணம் பண்ணிக்கோ என்று முடித்துவிட்டாள்.

அம்மா மட்டும் யோசனை சொல்லவில்லை. திட்டினாள். தேடி வந்த மெடிக்கல் சீட்டை யாராவது வேண்டாம் என்பார்களா என்று ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரம்மா திருப்தியாகத் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது.

நடுவில் இருந்தவர் விடுவதாக இல்லை. என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு தாளில் விரலை வைத்தார்.

“போன வருஷம் இதே காலேஜ்ல உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு. வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. எதுக்கு? காரணம் சரியா இல்லன்னா இந்தத் தடவை நாங்க தர்றதா இல்ல.”



இதற்கு ஒத்திகை இல்லை. ஒரு வருஷமாக ஆளுக்கொரு பொய் சொல்லி ஓட்டியிருந்தேன். தோழிகளிடம் உடம்பு சரியில்லை என்றேன். அத்தையிடம், அப்பா போன துக்கம் இன்னும் ஆறவில்லை என்றேன். அம்மாவிடம் பயமாக இருக்கிறது, ஒரே ஒரு வருஷம் போகட்டும் என்றேன். “ரத்தத்தைக் கண்டா பயமா, உனக்கா?” என்று கேட்டுவிட்டு, நம்பாமலே நம்பினாள்.

அந்த அம்மாதான் இப்போது வெளியே பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அவளுடைய செருப்பின் நுனி எனக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டில் பால் பொங்கினாலும் எங்கள் வீட்டிலிருந்தே கேட்டுவிடுகிற காது அவளுக்கு.

அவள் பாவம். அப்பாவின் ஆசைப்படி அவள் போட்ட ஒரே ஒரு கையெழுத்துக்காகப் பெரியப்பா இன்றுவரை எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அதற்கும் மேலே இதையும் கேட்டால் தாங்கமாட்டாள்.

சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் சீட்டு போய்விடும். இன்னொரு வருஷம் காத்திருக்க எங்கள் வீட்டில் தெம்பு கிடையாது.

“எழுதிக் காட்டலாமா சார்?” என்றேன்.

நடுவில் இருந்தவர் நெற்றியைச் சுருக்கினார். இருந்தாலும் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.

டாக்டரம்மா முதலில் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நடுவில் இருந்தவர் வாங்கிப் படித்தார். என் ஃபைலை மூடினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

தாள் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே இருந்த வயதானவர் அதுவரை என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர் முன்னால் இருந்த பலகையில் ‘உடற்கூறியல் துறைத் தலைவர்’ என்று எழுதியிருந்தது.

அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்தார். மெதுவாக நடந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் தன் இடத்துக்குப் போகாமல், ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“வலது முழங்கால்ல ஸ்டீல் பிளேட் இருந்துச்சாம்மா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

தலையாட்டினேன்.

அப்பா ஏணியிலிருந்து விழுந்தபோது வைத்தது. மழை வந்தால் வலிக்கிறது என்பார். நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். அந்த முழங்கால் எனக்கு மனப்பாடம். அதற்கு மேல் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.

அவர் அந்தத் தாளை என் ஃபைலில் சேர்க்கவில்லை. இரண்டாக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

நான் அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

‘அப்பாவின் உடலை இந்தக் கல்லூரிக்குத்தான் கொடுத்தோம். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்திருக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் சேர வந்தபோது விசாரித்தேன். அந்த வருஷம் முதலாண்டு மாணவர்கள் அறுத்துப் படிக்கப்போகும் உடல்களில் அவரும் இருக்கிறார் என்றார்கள். எனக்கு வேறு மேசை தருவதாகச் சொன்னார்கள். அறை ஒன்றுதான்.’

“போன மாசந்தான் முடிஞ்சுது” என்றார் அவர். “இப்ப நீ வரலாம்மா.”