தாரில் நின்ற பாதம்

உடலில் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடை ஓர் ஊசியால் அடக்கிவிட்டால் எலிக்கு வலி தெரியாது. ஊசி போட்ட எலி சூடான தட்டிலும் அசையாமல் நிற்கும். வெந்துபோவதற்குள் ஆய்வக ஊழியர் தமயந்திதான் அதைத் தூக்கிவிட வேண்டும். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அதே ஊசிதான். அவள் மகள் பூவிழிக்கும் போட்டிருந்தார்கள்.

மே மாத மதியம் வேலைவிட்டு வந்தவள், தெருமுனைத் தார்ச்சாலையில் மகள் வெறுங்காலோடு நிற்பதைக் கண்டாள்.

“செருப்பு அந்துபோச்சுன்னு வந்துச்சு. அம்மா வர்ற வரைக்கும் இங்கயே நில்லுன்னேன்,” என்றார் பெட்டிக்கடைக்காரர். “நகரவே இல்லம்மா. ஊசி போட்ட புள்ளைங்களே தனிச் சமத்து!”

தமயந்தி ஓடிப்போய் மகளை வாரித் தூக்கினாள். உள்ளங்கால் தோல் தாரோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது.

பூவிழி வெட்கத்தில் நெளிந்தாள். “எறக்கி விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க. நானே நடக்குறேன்.”