தகர அறைக்குள் ஒரு கைப்பிடி

துரைக்கண்ணு பட மிஷினின் கைப்பிடியை வெறி பிடித்தவன் போலச் சுற்றினான். திரையில் பிள்ளையைப் பறிகொடுத்த ராணி படபடவென்று மார்பில் அடித்துக்கொள்ள, டெண்ட் கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. ஓடி முடிந்த பிலிம் சேரும் பெட்டிக்குள் விளக்கின் பொறி ஒன்று விழுந்து, மூடி இடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. சுற்றுவதை நிறுத்தினால் விளக்குச் சூட்டில் மிஷினிலேயே பிலிம் பற்றிக்கொள்ளும். தகர அறையை வழக்கம்போல வெளியே பூட்டியிருந்தார்கள்.

"யோவ், சாவு சீனை சர்க்கஸாக்கிட்டியே! மெதுவாச் சுத்துய்யா!" மேனேஜர் நாயுடு கதவைத் தட்டினார்.

"கதவைத் திறங்க, சார்."

"எதுக்கு, பீடிக்கா? படம் முடியட்டும்."

"அதுக்குத்தான் வேகமாச் சுத்தறேன். ஜனம் வீட்டுக்குப் போகட்டும்."

"குடிச்சிருக்கியா?" நாயுடுவின் செருப்புச் சத்தம் விலகிப் போனது.

'நெருப்பு' என்று ஒரு சொல் சொன்னால் ஓடி வந்து திறப்பார். ஊர் கேட்கக் கூவிக்கொண்டேதான் வருவார். நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிவிட்டு, துரைக்கண்ணு சுவர்த் துளை வழியே பார்த்தான். அத்தனை ஜனத்துக்கும் ஒரே வாசல். அதற்கு எதிர்க்கோடியில், திரைக்குக் கீழே மணலில், நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி செங்கமலம்.