அறுபத்தோராவது பிள்ளை

அரசுப் பள்ளிகள் தழைக்க வேண்டுமானால், அதிகாரிகள் முதலில் தங்கள் பிள்ளைகளை அங்கே சேர்க்க வேண்டும். இந்த மகத்தான உண்மையை மேடைதோறும் முழங்குபவர் வட்டாரக் கல்வி அதிகாரி கஜபதி. அன்று அவர் கள்ளிக்குப்பம் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வந்தது, ஓர் ஆசிரியரைக் குறைப்பதற்காக.

"மேல நிதி இல்லம்மா. அறுபத்தொரு பிள்ளைங்க இருந்தாத்தான் மூணாவது டீச்சர். நான் எண்ணிப் பாத்துட்டேன், அறுபதுதான்."

மூன்றாவது டீச்சர் அகல்யா சுவரோரம் நின்று சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பதிவேட்டுல அறுபத்தொண்ணு இருக்கு சார்," என்றார் தலைமையாசிரியை மைதிலி. "ஒரு பையன் மட்டும் சேர்ந்த நாள்லேருந்து வரல."

"யாரு காதுல பூ சுத்துறீங்க? பிள்ளையைச் சேத்துட்டு அனுப்பாம இருக்கானே, அவன்லாம் ஒரு அப்பனா? கூப்பிடுங்க, நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

மைதிலி ஒரு சேர்க்கை விண்ணப்பத்தை நீட்டினார்.

"போன மாசம் ஆண்டு விழா மேடையில, போட்டோவுக்காக உங்க பையனுக்கு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது சார். தம்பி எப்ப வருவாரு?"

கஜபதியின் மேடைத் தமிழ் சட்டென்று இறங்கிப் போனது.

"இன்னாம்மா நீ... வருவான், வருவான். அவனுக்குக் காய்ச்சல் கீது."

'அறுபத்தொன்று, சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அகல்யா சிரித்துக்கொண்டே அவருக்கு டீ சொல்லப் போனார்.

விண்ணப்பத்தில் மகனின் வகுப்பு 'மூன்று' என்றிருந்தது. அம்பத்தூர் தனியார் பள்ளியில் பையன் ஐந்தாவது படிக்கிறான்.