கூடுதல் பிடி

வெப்பம் எக்கச்சக்கமாக ஏறியதைத் திரையில் பார்த்ததும் அவள், பாவி, நாற்காலியை விட்டே குதித்துவிட்டாள்.

மருந்து மூலக்கூறில் கூடுதலாக ஒரு கொக்கி வைத்திருந்தாள். கிருமியின் புரதத்தை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்பது எண்ணம். பிடிக்கும்போது வெளிவரும் வெப்பம் முன்னைவிட இரண்டு மடங்கு.

பிறகு முழுக் கணக்கும் வந்தது.

பிடி பழைய பிடிதான்.

ஞானமணி டிபன் டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கணவன். குழந்தையைப் பறிகொடுத்த பிறகு ஓசூர் வேலையை உதறிவிட்டு வந்தவன். காலையில் ஆய்வகத்தில் கொண்டுவந்து விடுவான். மாலையில் வந்து காத்திருப்பான். இரண்டு தெரு தள்ளிக் காய் வாங்கப் போனாலும் கூடவே வருவான். அவ்வளவு பிரியம்.

அவளுக்கு மூச்சு முட்டியது. யாரிடம் சொல்வது? கொழுப்பு என்பார்கள்.

என்ன ஆச்சு என்று கேட்டான்.

சொன்னாள். இறுக்கிப் பிடித்ததில் வெப்பம் கூடியது உண்மை. ஆனால் பிடித்ததும் பிடிபட்டதும் ஆடாமல் அசையாமல் விறைத்துவிட்டன. முன்பு அவை கொஞ்சம் தளர்வாக இருந்தன, அந்தத் தளர்வும் பிடிக்கு ஒரு பலமாக இருந்தது, அது போயிற்று. வந்ததும் போனதும் சரிக்குச் சரி. வெப்பத்தை மட்டும் பார்த்துக் குதித்தது தன் மடத்தனம்.

அவன் டப்பாவைத் திறந்தான். மறுபடி மூடினான்.

“பழைய கம்பெனில மறுபடி கூப்பிடறாங்க. போகட்டுமா, அல்லி?”

அவள் மருந்தைப் பற்றித்தான் சொன்னாள். சத்தியமாக மருந்தைப் பற்றி மட்டும்தான். அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“எப்ப வரச் சொல்றாங்க?” என்றுதான் கேட்டாள்.

அவன் ஓசூருக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலின் நட்டநடுவில் கையையும் காலையும் விரித்துப் படுத்தாள். எத்தனை மாதம் ஆயிற்று இப்படிப் படுத்து. மூச்சு தாராளமாக வந்தது.

துக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

பிறகு பரணில் ஏறி, இறுக்கிப் போர்த்திக்கொள்ளக் கம்பளியைத் தேட ஆரம்பித்தாள்.