குகை வாசலில் இடி

ஒரு கணினிக்குள் இடியும் மழையும் குடியிருந்தன. நண்பர்கள் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை விளையாடும்போது, கதையை நடத்தும் இன்பன் அவற்றை ஒலிக்கவிடுவான்.

"நான் முழங்கினாத்தான்டி ஆட்டமே களைகட்டும்," என்றது இடி.

"கிழிச்ச! போன வாரம் உன் சத்தத்துல செவ்வந்தி பேசினது யாருக்குமே கேக்கல. இன்னிக்கும் கேக்கலன்னா இனி விளையாடவே வரமாட்டாளாம்," என்றது மழை.

"எனக்கு மெதுவா முழங்கத் தெரியாதே!"

அப்போது செவ்வந்தி தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து இன்பன் இடிக்கான பொத்தானை அழுத்தினான்.

மழை சட்டென்று தூறலானது. இடி மூச்சைப் பிடித்துக்கொண்டு, எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் உறுமியது.

"கேட்டீங்களா? புயல் வருது. எல்லாரும் என் பின்னாடி குகைக்குள்ள வாங்க," என்றாள் செவ்வந்தி.

எல்லோரும் போனார்கள். இடியும் மழையும் வாசலிலேயே நின்றுகொண்டன.