இரண்டு பொட்டலம் வேர்க்கடலை

பஸ் டிப்போவின் ஓய்வறையில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஹாரன் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

மேல் தட்டில், வழக்கமான இடத்தில், டைம்கீப்பரின் நீல டப்பா.

மூடியைத் தூக்கியதுமே எலுமிச்சை வாசம் மூக்கில் ஏறியது. வெள்ளரிக்காய், கேரட், வேகவைத்த கொண்டைக்கடலை, பொடியாக நறுக்கிய புதினா. ஓரத்தில், நமுத்துப் போகாமலிருக்கத் தனியாக மடித்து வைத்த வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம். ஒன்றல்ல, இரண்டு.

'ஆளைப் பார்த்தால் ஒல்லிக்குச்சி. ஒரு வயிற்றுக்கு இரண்டு பொட்டலமா! சரியான தின்னிப் பயல்' என்று நினைத்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, பாதி சாலட்டைத் தின்று முடித்தார். மீதியை மேடு பள்ளம் தெரியாமல் கரண்டியால் பரப்பி மூடினார்.

ஒரு தடவைகூட டைம்கீப்பர் சத்தம் போட்டதில்லை. அசட்டுப் பயல். கவனிக்கவில்லை.

டிப்போவிலேயே பழைய டிரைவர் அவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தொண்டை அப்படி. 'ஹாரன்' என்றால்தான் தெரியும்.

இதே டப்பாவைத்தான் அவர் ஊரறியக் கிண்டல் செய்திருந்தார்.

"என்னப்பா, தோட்டத்துல மேய வேண்டியதை டப்பாவுல கட்டிக்கிட்டு வந்துட்டே?"

ஷெட்டே சிரிக்கும். டைம்கீப்பரும் சேர்ந்து சிரிப்பான். "நானே நறுக்கினதுண்ணே. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"எனக்கென்ன கொம்பும் வாலுமா இருக்கு, தழை தின்ன?"

அப்புறம்தான் மருத்துவப் பரிசோதனை வந்தது. டிப்போவின் மூலை அறையில், ஒரு திரைக்குப் பின்னால், டாக்டர் அவர் கையிலிருந்த பட்டையைக் கழற்றினார்.

"பிரஷர் எல்லையைத் தொட்டுக்கிட்டு நிக்குது. மாத்திரை தர்றேன். உப்பைக் குறைங்க, பச்சைக் காய்கறி நிறைய சாப்பிடுங்க. அடுத்த மாசம் மறுபடி பாப்பேன். அப்பவும் இறங்கலேன்னா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன். கேட்ல உக்காந்து வண்டி நம்பர் எழுத வேண்டியதுதான்."

பஸ் இல்லாமல் தான் யார் என்று ஹாரன் யோசித்துப் பார்த்தார். குனிந்து, டாக்டரின் காதோடு காதாகச் சொன்னார்:

"டாக்டர், எனக்குப் பிரஷர் இருக்குன்னும் உப்பு ஆகாதுன்னும் வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

மாத்திரையைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொள்ளலாம். காய்கறியை எங்கே ஒளிப்பது? வீட்டில் கேட்டால் மனைவி துருவித் துருவி விஷயத்தைக் கறந்துவிடுவாள். 'வண்டியே ஓட்ட வேண்டாம்' என்று உட்கார்ந்துகொள்வாள். டிப்போவுக்குத் தானே கட்டிக்கொண்டு வரலாம் என்றால், இத்தனை நாள் பேசிய பேச்சுக்கு ஆளாளுக்கு வறுத்தெடுத்துவிடுவார்கள்.

மிச்சமிருந்தது அந்த நீல டப்பாதான்.

'இந்த வயசில் இப்படி ஒரு பிழைப்பா?' என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக் கேட்காத நாளில்லை. ஆனாலும் மதியமானால் கை தானாக ஃபிரிட்ஜுக்குப் போயிற்று. ஒரு நாள் முளைகட்டிய பயறும் மாதுளையும். இன்னொரு நாள் தயிரில் குளிர்ந்த வெள்ளரி. ஆப்பிளும் முட்டைக்கோஸும் மிளகுத் தூளோடு வந்த அன்றைக்குப் பாதியோடு நிறுத்தப் பெரும்பாடு பட்டார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ருசி. ஒரே ஒரு குறைதான்.

ஒரு நாள் டைம்கீப்பர் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தக் குறையை வாய் உளறிவிட்டது.

"இவன் லட்சணத்தைப் பாருங்கப்பா. உப்புகூடப் போடத் தெரியல!"

டைம்கீப்பர் நிமிர்ந்து பார்த்தான்.

"உப்பில்லேன்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"பா... பாத்தாலே தெரியுதே! உப்புப் போட்டிருந்தா வெள்ளரிக்காய் இந்நேரம் தண்ணி விட்டிருக்குமே!"

"அடேயப்பா, என்ன கவனிப்பு!" என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் மட்டும் அவசர அவசரமாக ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுபரிசோதனை நாள் வந்தது. டாக்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் சுற்றினார்.

"நல்லா இறங்கிடுச்சே! தாராளமா ஓட்டுங்க. இத்தனை நாள் என்ன சாப்பிட்டீங்களோ, அதையே சாப்பிடுங்க."

ஹாரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரையாவது கட்டிப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரிடம்? தோற்றதே யாருக்கும் தெரியாதபோது, ஜெயித்ததை எப்படிச் சொல்வது? நேரே போய்த் தன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். ஹாரனில் உள்ளங்கையை வைத்து, ஷெட் அதிர அதிர அழுத்தினார்.

கையை எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. கைதட்டல்! மெக்கானிக், கண்டக்டர்கள், வாட்ச்மேன் என்று மொத்த டிப்போவும் பஸ்ஸைச் சுற்றி நின்று தட்டிக்கொண்டிருந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"எதுக்குப்பா கை தட்டறீங்க?"

"பாஸாயிட்டீங்கல்ல, அதுக்குத்தான்."

"உ... உங்களுக்கு யார் சொன்னா?"

"நீங்கதான்! இன்னிக்கு உங்க ஹாரன் சொல்லிடுச்சு. போன மாசம் திரைக்கு அந்தப் பக்கம் நாங்க வரிசையில நின்னோமேண்ணே. நீங்க ரகசியம் பேசினா அடுத்த ஸ்டாப் வரைக்கும் கேக்கும்."

மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தார். "இனிமேலாவது மதியானத்துல நாங்க ஓய்வறைக்குள்ள வரலாமா? உங்களுக்கு வழி விட்டு வழி விட்டு, வெயில்ல காய்ஞ்சு கருவாடாயிட்டோம்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஹாரனுக்குக் குரல் எழும்பவில்லை. கூட்டத்தில் டைம்கீப்பரைத் தேடினார். அவன் நீல டப்பாவோடு டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டான்:

"நாளையிலேர்ந்து என் பங்குல மட்டும் கொஞ்சம் உப்புப் போட்டுக்கட்டுமாண்ணே?"